திருவல்லிக்கேணிச் சிற்றுண்டிச் சாலைகள்

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் எழும்பூரிலோ சென்ட்ரலிலோ இறங்கி, பெட்டியை ஓர் அறையில் வைத்துவிட்டுக் குளித்து முடித்ததும், எதிர்ப்பட்டவரிடம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "இங்கே உட்கார்ந்து பலகாரம் சாப்பிட நல்ல இடம் எது?" என்பார்கள். கேட்கிறவர் 'நல்ல' என்னும் சொல்லுக்கு அழுத்தம் கொடுத்துக் கேட்பார். வரலாற்றை நோக்குவோர்க்கோ 'உட்கார்ந்து' என்னும் சொல்லே பெரிதாகப் படும். காசு கொடுக்கிற எவரும் எவருக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து காலைப் பலகாரம் உண்ணலாம் என்பது நம் நகரங்களில் மிக அண்மையில் வந்த வழக்கம். தானாக வந்த வழக்கமும் அன்று. அது வந்த கதையை, திருவல்லிக்கேணி என்னும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர். ஆழ்வார்கள் பாடிய தலம். அக்கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு பக்கத்துச் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். அவருடைய பரிவாரமும், படைவீரரும், அவர்களை நம்பிய கைத்தொழிலாளரும் குடியேறினர். 1795ஆம் ஆண்டில் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. பின்னர் கடற்கரையோரமாக மாநிலக் கல்லூரியும், பல்கலைக்கழகமும், வருவாய்த் துறை அலுவலகங்களும் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் நடந்தே போகக்கூடிய ஊர் திருவல்லிக்கேணி. ஆகவே மாணவரும் குமாஸ்தாக்களும் அங்கே வந்து நிறைந்தனர். குறைந்த வருவாயுள்ள நடுத்தரக் குடும்பங்கள் நியாய விலையில் பொருள் வாங்கவேண்டும் என்று 1904ஆம் ஆண்டிலேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்ட ஊர் அது. வீட்டை விட்டு வந்தவர், தனியறையில் தங்கியவர், சமைக்க வழியில்லாதவர் என்று ஒரு கூட்டம் சேர்ந்த இடத்தில் சிற்றுண்டிச் சாலை தோன்றுவது இயல்பேயாகும்.

பலகாரத்தை விற்பதும் வாங்குவதும் நமக்குப் புதியன அல்ல. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆனால் வாங்கினவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அல்லது தெருவோரம் நின்று தின்றார். வழிப்போக்கர் அமர்ந்து உண்பதற்கு இடம் என்றால் அது சத்திரம். சத்திரத்தில் காசு இல்லை, தருமம். யார் யாருக்குச் சோறு, யார் எந்தத் திண்ணையில் என்பதைத் தருமம் செய்தவர் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார். பெரும்பாலான சத்திரங்களில் அந்த எழுத்து சாதியின் எழுத்தாகவே இருந்தது.

காலையில் பலகாரம் என்பதே பலருக்குப் புதிய வழக்கம் என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். நம் பாட்டனார் காலத்தில் காலை உணவு பழையது. இரவில் நீர் ஊற்றி வைத்த சோற்றை மோரும் உப்பும் இட்டுக் கரைத்து, ஊறுகாயோ வெங்காயமோ வைத்துக்கொண்டு உண்டுவிட்டு வயலுக்குப் போனார்கள். இட்டலி பழம்பண்டந்தான்; பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் வட்டாராதனை என்னும் கன்னட நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் வருகிறது. ஆயினும் நாட்டுப்புறத்து ஏழை வீடுகளில் அது தீபாவளிப் பலகாரம். முதல் நாளே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லில் ஒருத்தி உட்கார்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் அரைத்தால்தான் மறுநாள் இட்டலி. மின்சாரத்தால் ஓடும் மாவரைக்கும் கல் கோயம்புத்தூரில் 1955ஆம் ஆண்டில்தான் செய்யப்பட்டது. அது வீடுகளுக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் நாள்தோறும் இட்டலி வேண்டுமென்றால், நாள்தோறும் நூறு பேருக்கு மாவரைக்க ஆள் வைத்திருக்கும் ஓர் இடத்துக்குத்தான் போகவேண்டும்.

அந்த இடத்துக்குக் 'காபி கிளப்பு' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நம் நகரங்களில் இவை பெருகின. கிளப்பு என்பது வெள்ளைக்காரத் துரைமார் உறுப்பினராகச் சேர்ந்து பொழுதுபோக்கும் கழகத்தின் பெயர். நம் காபி கிளப்பில் உறுப்பினரும் இல்லை, சந்தாவும் இல்லை. இருந்தாலும் ஒரு வகையில் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. துரைமார் கிளப்பில் இந்தியருக்கு இடம் இல்லாதது போல, நம் காபி கிளப்பிலும் எல்லோர்க்கும் இடம் இல்லை.

வாயிலில் 'பிராமணாள் காபி கிளப்' என்று பலகை தொங்கும். உள்ளே சில இடங்களில் பிராமணர் உண்ணும் பகுதி தனி, மற்றையோர் உண்ணும் பகுதி தனி. தாழ்த்தப்பட்டோர் எந்தப் பகுதியிலும் உட்கார இயலாது. அவர்களுக்குக் காசு கொடுக்கும் உரிமை மட்டும் வெளியில் நின்றபடி கிடைத்தது. ஊர்ப்புறத்துத் தேநீர்க் கடைகளில் அவர்களுக்கெனத் தனிக் குவளை வைத்திருந்த கொடுமையை நேயர்களில் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். இருப்புப்பாதை நிலையத்துச் சிற்றுண்டி அறைகளிலும் இத்தகைய பிரிவினை இருந்தது. ஒரே வண்டியில், ஒரே பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தவர்கள், நிலையத்தில் இறங்கியதும் வெவ்வேறு கதவுகளில் நுழைந்து காபி குடித்துவிட்டு, மறுபடி அதே பலகையில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பிரிவினை பல கிளர்ச்சிகளுக்குப் பிறகு 1941ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

இக்காலத்தில்தான் உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். தென் கன்னடத்து உடுப்பியில் கிருஷ்ணன் கோயிலும் எட்டு மடங்களும் உண்டு. அங்கே பெருந்திரளுக்குச் சமைத்துப் பழகிய கைகள் பிழைப்பைத் தேடிப் பம்பாய்க்கும், மைசூருக்கும், சென்னைக்கும் சென்றன. அவர்களுள் ஒருவர் கே. கிருஷ்ணராவ். சமையற்கூடத்து எடுபிடி வேலையில் தொடங்கியவர், 1920களின் பிற்பகுதியில் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸைத் தொடங்கினார். 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டல் எழுந்தது. மைசூரில் தொழில் தொடங்கிய சீதாராமராவ் 1954ஆம் ஆண்டில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷைக் கட்டினார். துடைத்த மேசை, கழுவிய தம்ளர், பலகையில் எழுதிய விலை, கேட்டவுடன் வரும் பண்டம் என்னும் நான்கையும் சென்னைக்குப் பழக்கியவர்கள் இவர்களே என்று சொன்னால் மிகையாகாது. மசால் தோசையை வீட்டுப் பலகாரமாக நினைப்பவர்கள் இன்று உண்டு. அது ஹோட்டல் பெற்ற பிள்ளை.

மேசை நாற்காலி செய்த வேலையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. தரையில் இலை போட்டுப் பந்தி பரிமாறினால், பக்கத்தில் யார் என்ற கேள்வி உடனே எழும். பந்திக்கு ஒரு தலை உண்டு, கடை உண்டு. யாரை எங்கே உட்கார்த்துவது என்பது வீட்டுக்காரருக்குத் தலைவலி. நாலு பேர் உட்காரும் மேசைக்குத் தலையும் இல்லை, கடையும் இல்லை. வந்தவர் காலியான நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பெயரும் ஊரும் யாருக்கும் தெரியாது. அலுவலகத்துக்கு மணியாகிறது என்ற அவசரத்தில் கேட்கவும் நேரமில்லை. சட்டம் வருவதற்கு முன்பே நகரத்து அவசரம் சில வேலைகளைச் செய்திருந்தது.

புதுமைப்பித்தன் 1943ஆம் ஆண்டில் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையை நேயர்கள் படித்திருக்கலாம். கடவுள் சென்னைக்கு வருகிறார். பிராட்வே முனையில் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார். இருவரும் நுழையும் இடம் காபி ஹோட்டல். சிக்கரி கலந்த காபி கடவுளுக்குக் கிடைக்கிறது. ஊருக்குப் புதியவர் ஒருவரை, அவர் கடவுளாகவே இருந்தாலும், அழைத்துக்கொண்டு போய் உட்கார வைப்பதற்குரிய இடம் ஹோட்டல் என்று அக்காலத்திலேயே ஆகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. பர்மா அரிசி 1942இல் நின்றுபோய், உணவுக்கு முடை ஏற்பட்டிருந்த ஆண்டுகள் அவை என்பதையும் மறக்கலாகாது.

போர் முடிந்து விடுதலையும் வந்தபின், 1948ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபே தொடங்கியது. அதை நிறுவியவர் தமிழரல்லர், கன்னடியரும் அல்லர். வடநாட்டு மதுராவிலிருந்து வந்த குப்தா என்பவர். சாம்பார் என்றால் என்ன என்பதை நமக்கு ஒரு வடநாட்டார் கற்றுக்கொடுத்தார் என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அங்கே இட்டலிக்குச் சாம்பார் ஊற்றுவதில்லை. சாம்பாரில் இட்டலியை மூழ்கடிக்கிறார்கள். கிண்ணத்தில் அளந்து வைப்பது மற்ற இடத்து முறை. இங்கே பரிமாறுகிறவர் பாத்திரத்தோடு வந்து, போதும் என்று கை காட்டும் வரையில் ஊற்றுவார். திருவல்லிக்கேணி அறைவாசிகளுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் சுவை மட்டும் அன்று என்று நான் நினைக்கிறேன். இரண்டு இட்டலி வாங்கினவன் வயிறு நிறைய எழுந்து போகலாம்.

1951ஆம் ஆண்டில் பக்கத்து மவுண்ட் ரோட்டில் புகாரி ஹோட்டல் வந்தது. நவாபு காலந்தொட்டு முஸ்லிம் மக்கள் வாழும் பகுதியாதலால், அதிகாலைத் தொழுகை முடிந்து வருவோர்க்கு ஆப்பமும் பாயாவும் தேநீரும் கொடுக்கும் சிறு கடைகளும் இங்கே உண்டு. இக்கடைகளில் 'நீ யார்' என்று கேட்கும் பலகை என்றும் தொங்கியதில்லை. இந்நகரத்தின் சிற்றுண்டி வரலாற்றைச் சைவ ஹோட்டல்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தாழ்த்தப்பட்டோர் பொது இடங்களைப் பயன்படுத்துவதற்கு இருந்த தடைகளை நீக்கச் சென்னை மாகாணச் சட்டசபையில் எம். சி. ராஜா கொண்டுவந்த சட்டம் 1938ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எக்குடிமகனையும் தடுக்கக் கூடாது என்று விதித்தது. 1955ஆம் ஆண்டில் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. எனவே காகிதத்தில் எல்லாக் கதவும் திறந்துவிட்டன. ஆனால் பலகை தொங்கிக்கொண்டே இருந்தது.

அப்பலகையை எதிர்த்துத்தான் 1957ஆம் ஆண்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமி திருவல்லிக்கேணியில் மறியல் தொடங்கினார். இடம் முரளி கபே என்னும் சிற்றுண்டிச் சாலை. கோரிக்கை ஒரே சொல்லைப் பற்றியது: பெயர்ப் பலகையிலுள்ள 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கவேண்டும். "சமைப்பவர் யார், சமையல் எவ்வகை என்பதைத் தெரிவிக்கும் சொல்தானே, யாரையும் உள்ளே வரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லையே" என்பது ஹோட்டல்காரர் தரப்பு வாதம். "சைவ உணவு என்று எழுதினால் போதாதா? பொதுத் தெருவில், பொதுமக்கள் காசில் நடக்கும் கடையில், ஒரு சாதியின் பெயர் மட்டும் உயர்வுக்கு அடையாளமாக நிற்பது ஏன்?" என்பது எதிர்த் தரப்பு. நாள்தோறும் தொண்டர்கள் வந்து நின்றார்கள், கைதாயினர், சிறை சென்றனர், மறுநாள் வேறு சிலர் வந்தார்கள். மறியல் மாதக்கணக்கில் நீண்டு, 1958ஆம் ஆண்டில் அச்சொல் பலகையிலிருந்து நீங்கியது. பிற ஊர்களிலும் ஹோட்டல்கள் தாமாகவே தார் பூசி அழித்தன, அல்லது புதிய பலகை எழுதின. இக்கிளர்ச்சியைப் பற்றி அன்று இருவேறு கருத்துகள் இருந்தன, இன்றும் இருக்கலாம். சட்டம் சொன்னதைத் தெருவுக்குக் கொண்டுவர ஒரு சிற்றுண்டிச் சாலையின் வாயிற்படியில் அத்தனை மாதம் நிற்க வேண்டியிருந்தது என்பதுமட்டும் வரலாறு. இப்போது நம் ஊர்களில் 'உயர்தர சைவ உணவகம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். பழைய பலகை சமைத்தவரைச் சொன்னது. இது சமைத்ததைச் சொல்கிறது.

பெண்களின் நிலை வேறு. அவர்களைத் தடுக்கும் பலகை எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் வருவதில்லை. தனியே ஒரு பெண் ஹோட்டலுக்குள் நுழைந்து இட்டலி கேட்பதை அக்காலச் சமுதாயம் கற்பனை செய்யவும் தயாராக இல்லை. பின்னர் ஹோட்டல்காரர்கள் 'குடும்ப அறை' என்று மூலையில் தடுப்பு வைத்தார்கள். ஆளின் மார்பளவுக்கு மட்டும் மறைக்கும் இரட்டைக் கதவு அதற்கு உண்டு. தள்ளினால் உள்ளும் புறமும் ஆடும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளேயிருப்பவர்களின் கால்கள் தெரியும். கணவனோ அண்ணனோ உடன் இருந்தால்தான் அக்கதவு மரியாதை தரும். படித்த பெண்கள் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வேலைக்கு வந்த பிறகே நடுக் கூடத்து மேசைகளில் பெண்கள் உட்காரத் தொடங்கினார்கள். குடும்ப அறைகள் பலவற்றில் குளிர்சாதனம் பொருத்தி, அதே இட்டலிக்குச் சற்றுக் கூடுதலாகக் காசு வாங்கலாயினர்.

உட்கார்ந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நின்றவர்களை மறந்தவராவோம். காலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கவேண்டுமானால் மூன்று மணிக்கு அடுப்பு எரியவேண்டும். சரக்கு மாஸ்டரும், மாவாட்டுகிறவரும், தண்ணீர் இறைப்பவரும் அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். இவர்களது வேலை நேரத்தையும் ஓய்வையும் வார விடுமுறையையும் வரையறுக்க உணவு நிறுவனங்கள் சட்டம் 1958ஆம் ஆண்டில் வந்தது. முரளி கபே பலகை மாறிய அதே ஆண்டு. பரிமாறுபவரின் திறமையைக் கணக்கு வாத்தியாராகவும் இருந்த நான் வியந்திருக்கிறேன். எட்டு மேசையில் இருபது பேர் தின்றதை மனத்தில் வைத்திருந்து, கை கழுவிவிட்டு வருபவரைச் சுட்டிக் கல்லாவை நோக்கித் தொகையைக் கூவுவார். ஒரு காசு பிசகாது. காகித ரசீது வந்தபின் அந்த வாய்க்கணக்கு மறைந்தது.

இவர்களுக்கும் கீழே ஒரு பையன் இருந்தான். மேசை துடைப்பவன், தண்ணீர் வைப்பவன், எச்சில் இலை எடுப்பவன். தென் மாவட்டங்களில் தலைமையாசிரியராக இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அவனை வேறு வழியாகத் தெரியும். ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து சுழி விழும். தகப்பனாரை அழைத்துக் கேட்டால், "மெட்ராசுல ஹோட்டல்ல சேர்த்துவிட்டேனுங்க, சாப்பாட்டுக்குக் குறைவில்லை" என்பார். அந்தக் கடைசிச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இருந்ததில்லை. உணவு விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் 14 வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு வைக்கலாகாது என்ற மைய அரசின் தடை 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. காபி கிளப்புகள் தோன்றி நூறாண்டுக்குப் பின் வந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிச் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்து உப்புமாவும் பொங்கலும் உண்பதைப் பார்க்கிறபோது, பதிவேட்டில் சுழி விழுந்த பெயர்கள் சில எனக்கு நினைவு வருகின்றன.

திருவல்லிக்கேணிக்குத் திரும்புவோம். நான் 1982இல் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது அங்கே ஒரு மேன்ஷனில் மூவராக ஓர் அறையில் தங்கியிருந்தேன். மேன்ஷன் என்பது ஆங்கிலத்தில் மாளிகை. திருவல்லிக்கேணியில் அது, திருமணமாகாத ஆடவர் கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து இருக்கும் மாடிக் கட்டடம். அறைக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அங்கே முதல் விதி. தெருவுக்குத் தெரு இப்படி அடுப்பில்லாத நூற்றுக்கணக்கான அறைகள் இருந்தால், அத்தனை பேரும் காலையில் எங்கே போவார்கள்? இப்பகுதியில் சிற்றுண்டிச் சாலைகள் அடர்ந்திருப்பதற்கு விடை இந்த விதியில் இருக்கிறது. மேன்ஷன்வாசிக்கு ஹோட்டல் மேசைதான் வீட்டுக் கூடம். அங்கேதான் பத்திரிகை படிப்பான். வேலைக்கு விண்ணப்பம் எழுதுவான். ஊரிலிருந்து வந்த மாமாவைச் சந்திப்பான். ஒரு காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் முதலாளி முகம் சுளிக்கமாட்டார், எட்டு மணிக்குக் கூட்டம் வரும்போதுமட்டும் சர்வர் வந்து, "வேறென்ன சார்?" என்று இரண்டு முறை கேட்பார். அது எழுந்திருக்கச் சொல்லும் நாகரிகமான முறை.

புதியவருக்கு நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பலகையின் பளபளப்பைப் பார்க்க வேண்டா. காலை ஆறரை மணிக்குக் கோயில் பக்கத்திலிருந்து நெடுஞ்சாலைப் பக்கமாக நடந்து, எந்தக் கடையில் பூக்காரரும், பால்காரரும், கடற்கரையில் உலாவிவிட்டு வரும் முதியவரும், தலை ஈரம் காயாத மேன்ஷன் இளைஞரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முதியவர்கள் இரண்டாவது டிகாக்‌ஷனை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். இளைஞர்கள் விலை ஏறினால் தெருவை மாற்றிவிடுவார்கள். இவ்விரு சாராரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் தரமும் விலையும் ஒத்துப்போகின்றன என்று பொருள். பொங்கல் வேண்டுமென்றால் ஏழரைக்குள் போய்விடவேண்டும். ஒன்பது மணிக்குமேல் அது இறுகிவிடும். தோசைக்கு அவசரப்படலாகாது. சட்டினி கேட்டால் இரண்டாம் முறையும் முகம் மாறாமல் வருகிறதா என்பதைக் கவனியுங்கள். மயிலாப்பூர்க்காரர்கள் தங்கள் ஊரில் 1930களில் தொடங்கிய ராயர் கபேயைச் சொல்வார்கள். ஒரு சில மேசைகளே உள்ள அந்தச் சிறு கூடத்தில் இடம் கிடைக்கத் தெருவில் காத்து நிற்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். கெட்டிச் சட்டினிக்காக நிற்கலாம், நானும் நின்றிருக்கிறேன். ஆனால் காத்திருக்காமல் உட்கார்வது திருவல்லிக்கேணியின் சிறப்பு.

அண்மைக் காலத்தில் நகரத்தில் நின்று தின்னும் பழக்கம் மீண்டும் பெருகியிருக்கிறது. தள்ளுவண்டிக் கடையைச் சென்னைவாசிகள் 'கையேந்தி பவன்' என்று அழைப்பார்கள். தட்டை ஒரு கையில் ஏந்தி மறு கையால் உண்பதால் வந்த பெயர். ஹோட்டல் முதலாளிகளும் மனை வாடகை ஏற ஏற நாற்காலியை எடுத்துவிட்டு, நெஞ்சுயரத்துக்கு ஒரு பலகையை நட்டு, டோக்கன் வாங்கி நின்று சாப்பிடச் சொல்கிறார்கள். 2013ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்டலி 1 ரூபாய். அங்கேயும் பெரும்பாலோர் நின்றே உண்டார்கள். ஒரு ரூபாய்க்கு இட்டலி கொடுக்கிற இடத்தில் நாற்காலி கேட்பது நியாயமாகாது. ஆனால் முதியவர்க்கும், மூட்டை தூக்கி வந்தவர்க்கும், கைக்குழந்தைக்காரிக்கும் இட்டலியைப் போலவே நாற்காலியும் தேவை என்பதைக் கட்டடம் கட்டுகிறவர்கள் கருதவேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்று காரணமாக ஊரடங்கு வந்தபோது, உணவு விடுதியில் உட்கார்ந்து உண்ணல் யாவர்க்கும் தடைசெய்யப்பட்டது. பொட்டலம் கட்டி வாங்கிப் போகலாம், அமரக் கூடாது. மேன்ஷன்கள் பல காலியாயின. அடுப்பில்லாத அறையில் பொட்டலத்தை எத்தனை நாள் பிரித்துத் தின்பது? பிறகு பாதி இருக்கைகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. ஹோட்டல்காரர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாற்காலியில் பெருக்கல் குறியாக ஒட்டுத்தாளை ஒட்டி வைத்தார்கள். மேசைக்கு இருவர், எதிரெதிர் மூலையில், முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு அவசரமாகத் தின்றுவிட்டு எழுந்தனர். கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் சர்வர்கள் அந்த ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுத்தார்கள். சில நாற்காலிகளில் அதன் பசை நெடுநாள் போகவில்லை. காலை ஏழு மணிக்கு, பழையபடி நாலு பேர் மேசையில், ஒருவரையொருவர் அறியாத நாலு பேர் உட்கார்ந்தார்கள்; சாம்பார்ப் பாத்திரத்தோடு சர்வர் வந்தார்.